இன்னும் ஒரு வருஷம்

குரிச்சிபா
14 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் ஜசியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது முழங்காலைத் தவிர. அது ஒரு நாள் சொன்னபடி கேட்கிறது, ஒரு நாள் கேட்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் போனில் நாம் என்ன பேசினோம்? நீ "நல்லா இருக்கோம்" என்றாய். நானும் "நல்லா இருக்கேன்" என்றேன். ஜசி பேச மாட்டேன் என்று ஓடியது மட்டும் எனக்குக் கேட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்டில் தேர்வு. அடுத்த வருஷ ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவையும் சேர்த்துவிட்டார்கள் அல்லவா, அதற்கான முதல் படி. நாற்பத்தொன்பது கிலோப் பிரிவில் நாட்டிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். நான் இப்போது ஐம்பத்துநாலு. வியர்த்து எடை குறைய, பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு காலையில் ஓடுகிறேன். குளிர்காலம் வருவதற்கு முன்பே எனக்குக் குளிர்கிறது. பயிற்சியாளர் அதெமார், "ஒல்லியானா குளிரும். அது நல்ல அறிகுறி" என்கிறார்.

எனக்கு இருபத்தைந்து முடிகிறது. இந்த ஒரு தடவை மட்டும் பார்த்துவிடுகிறேன், அக்கா. ஜசிக்கு ஒரு முத்தம். அவள் துடைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கொடு.

உன் தங்கை
மர்லூசி

ஓபிதுஸ்
9 மார்ச் 1999

என் தங்கைக்கு,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் பயணம் செய்து ஈரமாக வந்து சேர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு மருந்து எண்ணெய் அனுப்புகிறேன். நாற்றம் தாங்காது, ஆனால் கேட்கும்.

ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. படகுத்துறையில் இப்போது மேல் ஐந்து படிதான் தெரிகிறது. உன் அத்தான் வல்தெசி வழக்கம் போல சாந்தரேம் போகும் படகில் எஞ்சினோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பள்ளிக்கூடத்துச் சமையல். இருநூறு பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டிக் கிண்டி என் வலது கை உன் காலை விடப் பலமாகிவிட்டது. வேண்டுமானால் என்னை அந்தத் தேர்வுக்கு அனுப்பு. நாற்பத்தொன்பது கிலோதான் இடிக்கும், என் ஒரு பாதியை மட்டும் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஜசிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வகுப்பில் ஒரு பையன் இவளுடைய பென்சிலைப் பிடுங்கினானாம். "எங்கம்மா ஆளுங்கள உதைக்கறதுக்குன்னே குரிச்சிபாவுல இருக்கா, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். பென்சில் உடனே திரும்பி வந்துவிட்டது. பார், நீ இல்லாமலே உன் பேர் இங்கே வேலை செய்கிறது.

சோர்ந்து போகாதே. இன்னும் ஒரு வருஷம்தானே. இவ்வளவு தூரம் போய்விட்டு இப்போது யாராவது திரும்புவார்களா? ஜசியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா
இவொனெத்தி

குரிச்சிபா
2 மே 1999

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே. எண்ணெய் வந்தது. நான் தடவிக்கொண்டு வந்தால் எதிரே நிற்கிறவள் தானாகவே பின்வாங்குகிறாள்.

இங்கே புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பேர் சுவெலன், பத்தொன்பது வயது. அவளுக்கு நாற்பத்தொன்பது கிலோ பிறவியிலேயே வாய்த்தது. நான் எடை ஏறாமலிருக்க ஐஸ்கட்டியை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டிருக்கும்போது அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து வெண்ணெய் தடவி இரண்டு ரொட்டி சாப்பிடுகிறாள். திமிர் இல்லை, பசி. நல்ல பெண். "அக்கா, உங்க கால் வீசறதப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்" என்றாள். அவள் சொன்னது மரியாதைக்குத்தான். எனக்கு என்னவோ இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? ஜூனில் நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன? கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது. தூங்கியும் தீராத களைப்பு. ஜசிக்கு அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. அவளுடைய விழுந்த பல்லைக்கூட நான் பார்க்கவில்லை.

யோசித்துச் சொல். நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மர்லூசி

ஓபிதுஸ்
15 மே 1999

மர்லூசிக்கு,

சுகம். உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன், அடுப்பில் பருப்பு வேகிறது.

இப்போது வராதே. ஆறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தரைக்கு மேலே இன்னொரு பலகைத் தரை போட்டு அதன் மேல் குனிந்து நடக்கிறோம். வல்தெசி நேற்றும் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். நீ எங்கே படுப்பாய், என்ன செய்வாய்? கோயில் கூடத்தில் முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

அதை விடு. ஆகஸ்டுக்கு மூன்று மாதம் கூட இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண் ரொட்டி தின்றாள் என்பதற்காக ஒன்பது வருஷ உழைப்பை விட்டுவிட்டு வருவாயா? உனக்குக் களைப்பு எப்போதுதான் இல்லை? பத்து வயதிலேயே களைப்பு என்று சொல்லிப் பாத்திரம் தேய்க்காமல் ஓடினவள்தானே நீ. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்.

ஜசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவள் ஏங்குவதில்லை. ஒரு விஷயம், நீயாக அறிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது கொஞ்ச நாளாக வெறும் அம்மா என்கிறாள். மற்றப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வந்த பழக்கம். நான் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு என்று எழுத வந்தது. உனக்கு அதை எழுதக் கூடாது அல்லவா. நன்றாகத் தூங்கு.

இவொனெத்தி

குரிச்சிபா
18 ஜூலை 1999

அக்கா,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். எடை ஐம்பது. இன்னும் ஒன்றுதான்.

நீ திருத்த வேண்டாம், அக்கா. அவள் எப்படிக் கூப்பிடுகிறாளோ கூப்பிடட்டும்.

மர்லூசி

குரிச்சிபா
22 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? வெள்ளம் வடிந்திருக்கும். தரையில் நிமிர்ந்து நடப்பீர்கள்.

தேர்வு முடிந்தது. எங்கள் கிளப்புக்கே இடம் கிடைத்துவிட்டது. அதெமார் அழுதேவிட்டார். எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு நான் பதினாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்து சோறும் கறுப்புப் பயறும் இரண்டு தட்டு சாப்பிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

இனி அடுத்த வருஷம் வரைக்கும் பயிற்சி தொடரும். நானும் இங்கேதான் இருப்பேன். வேறு விசேஷம் இல்லை. ஜசிக்கு என் அன்பு.

மர்லூசி

ஓபிதுஸ்
8 செப்டம்பர் 1999

என் தங்கத்துக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். சனிக்கிழமை காலை சந்தை நேரத்தில் கம்பத்து ஒலிபெருக்கியில் உன் பேர் மூன்று தடவை வந்தது. மீன்காரர் எனக்கு ஒரு மீனைச் சும்மா கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் வாழ்த்துத் துணி கட்டியிருக்கிறார்கள், உன் பேரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

நீ ஊருக்கு வர அவசரப்படாதே. அங்கே உனக்கு எவ்வளவோ வேலை இருக்கும். இன்னும் ஒரு வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இன்னொன்று. ஜசியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தாய் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் வளர்க்கிறவர்தான் பொறுப்பாளர் என்று நீதிமன்றத் தாள் வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. தாள் இதோடு வருகிறது. பென்சிலால் குறி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெறும் சம்பிரதாயம்தான். வேறொன்றும் மாறப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இவொனெத்தி

ஓபிதுஸ்
30 அக்டோபர் 1999

மர்லூசி,

எப்படி இருக்கிறாய்? எட்டு வாரமாகக் கடிதம் இல்லை. கிளப்புக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "மர்லூசியா, பயிற்சியில இருக்கா" என்றார். சரி, உயிரோடு இருக்கிறாய்.

அந்தத் தாள் வந்து சேர்ந்ததா? டிசம்பரில் பெயர் பதிகிறார்கள். ஜசிக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது, முயலைப் போல இருக்கிறாள்.

இவொனெத்தி

குரிச்சிபா
21 நவம்பர் 1999

அக்கா,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி இந்தத் தடவை உண்மையை எழுதுகிறேன்.

தேர்வில் ஜெயித்தது நான் இல்லை. சுவெலன். அவளும் எங்கள் கிளப்தானே, அதனால் கிளப்புக்கு இடம் கிடைத்தது என்று நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் நீ எப்படிப் படிப்பாய் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

இறுதிப் போட்டியில் நாங்கள் இருவரும்தான். அவளுக்குச் சிவப்புக் கவசம், எனக்கு நீலம். மூன்றாவது சுற்று வரைக்கும் சமம். கடைசி அரை நிமிஷத்தில் அவள் கையைத் தாழ்த்தினாள். தலைப்பக்கம் முழுசாகத் திறந்து கிடந்தது. ஒன்பது வருஷமாக நான் காத்திருக்கும் திறப்பு அது. இந்தக் காலால் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறேன். தூக்கு என்றேன். கால் யோசித்தது. அக்கா, கால் யோசிக்கக் கூடாது. அதற்குள் அவள் என் விலாவில் ஒன்று வைத்தாள். அவ்வளவுதான். வலிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்று இருந்தது. அதற்காகத்தான் பிறகு அழுதேன்.

அதெமார் மறுநாளே கூப்பிட்டார். "உன்ன விட்டா அவளுக்கு எதிர்ல நிக்க யாருமில்ல. இருந்துடு மர்லூசி" என்றார். இருந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு உதை வாங்கும் ஆள். காலையில் அவளுக்கு எதிரே நின்று சண்டை போடுகிறேன், சாயங்காலம் அவள் உதைத்துப் பழகப் பஞ்சு வைத்த தட்டு பிடிக்கிறேன். அவள் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்காதே என்று சொல்லியும் கேட்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஜசியை உன்னிடம் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. கேட்டவர்களிடமெல்லாம் "நாட்டுக்காக ஆடப் போறேன்" என்றேன். அது இருந்த வரைக்கும் நான் போட்டிக்குப் போன அம்மா. அது இல்லாவிட்டால் வெறுமனே விட்டுவிட்டுப் போன அம்மா. அந்த இரண்டுக்கும் நடுவே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு மாதம் தலையணை உறைக்குள் இருந்ததால் கசங்கிவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அவள் யாரை அம்மா என்று கூப்பிடுகிறாளோ அவளிடம் தாளும் இருக்கட்டும்.

பள்ளிக்கூட வாசல் துணியைக் கழற்றச் சொல்.

மர்லூசி

ஓபிதுஸ்
19 டிசம்பர் 1999

மர்லூசிக்கு,

உடம்பால் எல்லோரும் நலம். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ தோற்றது எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே தெரியும். சனிக்கிழமை ஒலிபெருக்கியில் சொன்னார்கள் என்று எழுதினேனே, அதற்கு அடுத்த திங்கட்கிழமை வல்தெசி சாந்தரேமிலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தார். எஞ்சின் துடைக்க வாங்கின பழைய பேப்பர். அதில் அந்தப் பெண்ணின் படம் இருந்தது. பின்னால் நீ கை தட்டிக்கொண்டு நிற்கிறாய். வல்தெசி, "பாவம், ஒடனே வரச் சொல்லி எழுது" என்றார். சரி என்றேன். புதன்கிழமை உட்கார்ந்து, அவசரப்பட்டு வராதே என்று எழுதினேன். அந்தத் தாளையும் சேர்த்து வைத்தேன். பென்சிலால் குறியும் வைத்தேன்.

மே மாதம் நீ ஒரு வார்த்தை எழுது என்று கேட்டாய். வெள்ளம், காய்ச்சல், படுக்க இடமில்லை என்றெல்லாம் எழுதினேன். வெள்ளம் நிஜம்தான். ஆனால் வெள்ளத்தில் எத்தனை பேர் நம் வீட்டில் வந்து படுத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியாதா? நீ களைத்துப் போனேன் என்று எழுதும்போதெல்லாம் வந்துவிடுவாயோ என்று பயப்படுவேன். உடனே இன்னும் ஒரு வருஷம் என்று எழுதுவேன். நீ ஜெயிக்க வேண்டும் என்று சாந்தானா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உனக்காக இல்லை. ஜெயித்தால் வர மாட்டாய் என்பதற்காக. எனக்குப் பிள்ளை இல்லை, மர்லூசி. உனக்கு ஒன்றைக் கொடுத்து, அதை என் மடியில் வைத்துவிட்டுப் போக வைத்தார் கடவுள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் முதல் தடவை வெறும் அம்மா என்று கூப்பிட்டபோது நான் திருத்தவில்லை. திருத்துகிறேன் என்று எழுதினது பொய்.

உன் தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். காலை முழுக்க வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் எழுத்தர், "தாய் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இருக்காங்க என்றேன். "எங்க இருக்காங்க?" என்றார். உதை வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்றா சொல்வேன்? தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நேராகப் பள்ளிக்கூடம் போய்த் தலைமையாசிரியையிடம், தாய் பிப்ரவரியில் நேரில் வருவாள் என்று சொன்னேன். பதிவேட்டில் உன் பேரை எழுதினார்கள். இந்தத் தடவை எழுத்து எதுவும் விடுபடாமல் நின்று பார்த்துக்கொண்டேன்.

நீ கேட்ட ஒரு வார்த்தை இதுதான். வா.

கோபம் இருந்தால் வந்து சொல். போனில் சொல்லாதே, அங்கே நாம் இரண்டு பேரும் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

உன் அக்கா
இவொனெத்தி

குரிச்சிபா
7 ஜனவரி 2000

அக்கா,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. முதல் நாள் கோபம். அந்தக் கோபத்தை முழுசாகச் செலவழித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஜசி என்ன தின்றாள், எப்போது விழுந்தாள், எந்தப் பல் ஆடுகிறது என்று இருக்கிறது. நான் எழுதியதில் கிலோதான் இருக்கிறது.

அதெமாரிடம் சொல்லிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. சுவெலன்தான் அழுதாள். "இனி யார் என்ன நிறுத்துவாங்க?" என்றாள். யாரும் நிறுத்தாம இருக்கணும்னுதான் இவ்வளவும் என்றேன்.

முப்பதாம் தேதி பஸ். பெலேம் போய்ச் சேர்ந்து அங்கிருந்து படகு. பிப்ரவரி ஆறு, ஏழில் வந்துவிடுவேன். அவளை உன்னிடமிருந்து பிரிக்க வரவில்லை. அவளோடு எப்படி இருப்பது என்றே எனக்குத் தெரியாது. எதிரே நிற்பவளின் தோள் அசைந்தால் எந்தக் கால் வரும் என்று தெரியும். ஆறு வயதுப் பிள்ளையிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்று தெரியவில்லை. எழுதியனுப்பு.

மர்லூசி

ஓபிதுஸ்
18 ஜனவரி 2000

என் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ கிளம்புவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று வல்தெசியை நேராகத் தபால் பைக்காரரிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்ன பேசுவது என்று கேட்டாய். எதுவும் பேச வேண்டாம். அவளே பேசுவாள், நிறுத்த மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். நான் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து செதிலைப் பொறுக்கி நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "உன்னப் பெத்த அம்மா வரா. இனிமே இங்கதான் இருப்பா" என்றேன். நீ யார் என்று அவளுக்கு எப்போதும் தெரியும், அதை நான் மறைத்ததில்லை. அதில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

இன்னொரு செதிலை எடுத்து நகத்தில் ஒட்டினாள். பிறகு, "அப்ப நீ எங்க போவ?" என்று கேட்டாள்.

"நான் எங்கயும் போகல. நானும் இங்கதான்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"சண்ட போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவோம். அவதான் ஜெயிப்பா."

அதற்குச் சிரித்தாள். எழுந்து உள்ளே போனாள். வெகு நேரமாகியும் திரும்பி வரவில்லை. அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஜன்னலோரம் கட்டியிருக்கிற தன் பெரிய தூளிக்குள்ளிருந்து பொம்மையையும் போர்வையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். காற்று வருகிற இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான். வல்தெசி கேட்டே தராதவள்.

என்ன பண்ற என்றேன்.

"அவங்க ரொம்ப தூரத்துலேருந்து வராங்க, களப்பா இருக்கும். இதுல படுத்துக்கட்டும். நான் உன்கூடப் படுத்துக்கறேன்" என்றாள். போர்வையை உதறிக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள்.

எது கொஞ்ச நாள் என்று நான் கேட்கவில்லை. நீ வந்து படுத்துத் தூங்கு.

உன் அக்கா
இவொனெத்தி